இரண்டு விமான நிறுவனங்கள் இணைந்த பிறகு ஊழியர்களுக்கு ஒரே ஒப்பந்தம் வர ஏன் இத்தனை வருடம்?

நீங்கள் கேட்டது இது. உங்கள் தங்கை அமெரிக்காவில் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவாக இருக்கிறார். அதைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, இணைப்பு முடிந்தது என்று அறிவித்தும் ஆகிவிட்டது. ஆனால் சம்பளம், டூட்டி, லீவு எல்லாம் இன்னும் பழைய ஒப்பந்தப்படிதான் நடக்கிறது. புது ஒப்பந்தம் எப்போது வரும், இவ்வளவு நாள் சேர்த்த சீனியாரிட்டி போய்விடுமா, முதலில் வருகிற உடன்பாட்டுக்கே ஆமாம் என்று ஓட்டுப் போட்டுவிடலாமா என்று மூன்று கேள்விகள்.

முதலில் காலக்கணக்கு. யுனைடெட்டும் கான்டினென்டலும் 2010 அக்டோபரில் இணைந்தன. பைலட்டுகளுக்குப் பொது ஒப்பந்தம் 2012 டிசம்பரில் வந்துவிட்டது. கேபின் க்ரூவுக்கு 2016 ஆகஸ்டில்தான் வந்தது, மெக்கானிக்குகளுக்கு 2016 டிசம்பர். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுஎஸ் ஏர்வேஸும் 2013 டிசம்பரில் இணைந்தன. அங்கே மெக்கானிக்குகளும் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களும் உட்பட சுமார் 30,000 தரைப் பணியாளர்களுக்கு ஒப்பந்தம் நிறைவேறியது 2020 மார்ச்சில். அதனால் இரண்டு வருடத்தில் முடிந்தால் நல்ல வேகம், ஐந்தாறு வருடம் என்றாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். உங்கள் தங்கை குடும்பக் கணக்குப் போடும்போது அடுத்த வருடமே சம்பளம் ஏறிவிடும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றால், அடிப்படைக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. அங்கே விமான ஊழியர்களுக்குப் பொருந்துவது மற்ற தனியார் நிறுவனங்களுக்கான தொழிலாளர் சட்டம் இல்லை. 1926-இல் ரயில்வேக்காகக் கொண்டுவந்த ரயில்வே லேபர் ஆக்டை 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டினார்கள், இன்றைக்கும் அதுதான். போக்குவரத்து நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே கிடையாது. திருத்தலாம் என்று ஒரு தேதி வரும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழைய சம்பளமும் பழைய விதிகளும் அப்படியே ஓடும். பேச்சு முறிந்தாலும் உடனே வேலைநிறுத்தம் செய்ய முடியாது. நேஷனல் மீடியேஷன் போர்டு என்கிற அரசு அமைப்பு இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசவைக்கும், எத்தனை மாதம் எத்தனை வருடம் என்பது அந்த போர்டின் கையில். இனி பேசிப் பயனில்லை என்று அது விடுவித்தால்தான் 30 நாள் பொறுத்திருந்து அதற்கப்புறம் ஸ்ட்ரைக், அதிலும் அமெரிக்க அதிபர் குறுக்கிட வழி இருக்கிறது. அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் பைலட்டுகள் கடைசியாக ஸ்ட்ரைக் செய்தது 2010 ஜூனில், ஸ்பிரிட்டில். இதிலிருந்தே தெரியும், ஸ்ட்ரைக் ஆயுதத்தை உறையிலிருந்து எடுப்பதே எவ்வளவு அரிது என்று.

சரி, அதிகாரபூர்வமாக முடியாவிட்டால் எல்லோரும் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் என்ன என்று தோன்றும். அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் ஓர் இணைப்பை ஒட்டியதுதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ரீனோ ஏர் என்ற சின்ன நிறுவனத்தை வாங்கியபோது, ரீனோ பைலட்டுகளை உடனே தங்கள் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரவில்லை, குறைந்த சம்பளத்தில் தனியாக ஓட்டவைக்கிறார்கள் என்று அமெரிக்கன் பைலட்டுகள் 1999 பிப்ரவரியில் கூட்டமாக சிக் லீவு போட்டார்கள். ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பணிக்குத் திரும்பச் சொல்லி நீதிமன்றம் போட்ட உத்தரவை மதிக்கவில்லை என்று சங்கத்துக்கு 4.55 கோடி டாலர் விதித்தார் நீதிபதி. இருபது வருடம் கழித்து அதே நிறுவனத்தின் மெக்கானிக்குகள் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்று நிர்வாகம் வழக்குப் போட்டது, 2019 ஆகஸ்டில் நிரந்தரத் தடையே வாங்கியது. அதனால் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "இந்த வார இறுதி எல்லோரும் சிக் லீவு" என்று கிளப்பிவிட்டால் உங்கள் தங்கை அதில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் இருப்பது நல்லது. இந்த மாதிரி வழக்குகளில் அந்த மெசேஜ்களையே ஆதாரமாகக் கொண்டுவருவார்கள்.

அப்படியானால் நிர்வாகத்துக்கு அவசரமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அளவோடுதான். யுனைடெட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். விமானங்களுக்கெல்லாம் ஒரே பெயிண்ட், ஒரே டிக்கெட், ஒரே யூனிஃபார்ம், பயணிக்கு ஒரே கம்பெனி. உள்ளே கேபின் க்ரூ இரண்டு கம்பெனி. பழைய யுனைடெட்காரர்கள் பழைய யுனைடெட் விமானத்தில்தான் பறக்கலாம், கான்டினென்டல்காரர்கள் கான்டினென்டல் விமானத்தில்தான். பக்கத்துப் பக்கத்து கேட்டில் இரண்டு விமானங்கள் நிற்கும். ஒன்றில் ஆள் குறைந்து விமானம் தாமதமாகும்போது, அடுத்த பக்கத்தில் அவசரத்துக்குக் கூப்பிடத் தயாராக வைத்திருக்கும் ரிசர்வ் ஆள் அங்கேயே சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவரை ஏற்ற முடியாது. பொது ஒப்பந்தம் 2016-இல் வந்தும், கணினி, டூட்டி போடும் முறை எல்லாம் சேர்த்து இரண்டு பக்கமும் உண்மையில் கலந்து பறக்க ஆரம்பித்தது 2018 அக்டோபரில். எட்டு வருடம்! இந்தக் குழப்பத்தால் நிர்வாகத்துக்கு நஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொது ஒப்பந்தம் வரும்வரை தனித்தனி ஒப்பந்தங்களிலேயே வேலை வாங்கிய லாபமும் உண்டு. பைலட் விஷயத்தில் நஷ்டம் பெரிது, அதனால்தான் அங்கே சீக்கிரம் முடிக்கிறார்கள். கேபின் க்ரூவுக்கும் தரைப் பணியாளர்களுக்கும் இழுத்தடிப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அது நியாயமில்லை என்பதும்.

பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஒரு கட்டம் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு நிறுவனங்களும் இப்போது ஒரே நிறுவனம்தான் என்று மீடியேஷன் போர்டு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஒரு வேலைப் பிரிவுக்கு அந்த நிறுவனம் முழுக்க ஒரே சங்கம்தான். இரு பக்கமும் ஏற்கெனவே ஒரே சங்கம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. 2024 செப்டம்பரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஹவாயனை வாங்கியபோது இரண்டு பக்கத்து கேபின் க்ரூவும் ஏஎஃப்ஏ என்ற கேபின் க்ரூ சங்கத்தில்தான் இருந்தார்கள். வேறு வேறு சங்கம் என்றால் தேர்தல் வரும், பெரிய நிறுவனத்தின் ஆட்கள் எண்ணிக்கையே பெரும்பாலும் முடிவு செய்யும். ஒரு பக்கம் சங்கமே இல்லை என்றால் இன்னும் மோசம். 2008-இல் டெல்டாவும் நார்த்வெஸ்டும் இணைந்தபோது நார்த்வெஸ்ட் கேபின் க்ரூ பல பத்தாண்டுகளாகச் சங்கத்தில் இருந்தவர்கள், டெல்டா பக்கம் சங்கம் கிடையாது. 2010 நவம்பரில் ஓட்டெடுப்பு. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் விழுந்தன, 328 ஓட்டு வித்தியாசத்தில் சங்கம் வேண்டாம் என்று முடிவானது. அதோடு நார்த்வெஸ்ட்காரர்களின் ஒப்பந்தமே இல்லாமல் போனது. சம்பளம் குறைந்ததா கூடியதா என்பது வேறு விஷயம்; எழுத்தில் இருந்த உரிமைகள் நிர்வாகம் நினைத்தால் மாற்றக்கூடிய விதிகளாக ஆயின. ஆகவே தேர்தல் என்று ஒன்று வந்தால், ஓட்டுப் போடாமல் இருந்துவிட வேண்டாம் என்று தங்கையிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, சீனியாரிட்டி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா இணைப்பிலும் ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான்.

விமானத் துறையில் சீனியாரிட்டி என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. ஒவ்வொரு மாதமும் எந்த டூட்டி, எந்த ஊரில் இருந்து கிளம்புவது, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ லீவு கிடைக்குமா, ரிசர்வில் இருந்தே ஆக வேண்டுமா, ஆள் குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே, பைலட் என்றால் எப்போது கேப்டன் ஆவது, எல்லாமே அந்தப் பட்டியலில் உங்கள் எண் என்ன என்பதைப் பொறுத்தது. அதுவும் அங்கே ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேர்ந்தால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பட்டியலின் அடியில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பவும் முடியாது. இருபது வருடம் சேர்த்ததை ஒரே கையெழுத்தில் இழக்க யார் சம்மதிப்பார்கள்?

இரண்டு பட்டியலை எப்படி ஒன்றாக்குவது? வேலையில் சேர்ந்த தேதிப்படி அடுக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். முதல் நிறுவனம் பழையது, பல வருடமாக யாரையும் எடுக்கவில்லை, அங்கே கடைசி ஆளுக்கே 16 வருடம் ஆகிறது. இரண்டாவது வேகமாக வளர்ந்தது, அங்கே 6 வருடத்தில் கேப்டன் ஆகிவிடலாம். தேதிப்படி அடுக்கினால் முதல் நிறுவனத்தின் கடைசி ஆள்கூட இரண்டாவதின் கேப்டனுக்கு மேலே போய் உட்காருவார், நேற்றுவரை கேப்டனாக இருந்தவர் கீழே இறங்க வேண்டும். விகிதப்படி கலந்தால், அதாவது அங்கே நடுவில் இருப்பவரை இங்கே நடுவில் இருப்பவரோடு சேர்த்தால், 20 வருடக்காரர் 5 வருடக்காரரின் பக்கத்தில் நிற்க நேரிடும். இரண்டு பேரும் தங்களுக்கு அநியாயம் நடந்தது என்று சொல்வார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

இது கற்பனையோடு நிற்கவில்லை. 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது அப்படியே நடந்தது. யுஎஸ் ஏர்வேஸ் இரண்டாவது முறையாகத் திவாலில் இருந்தது, சுமார் 1,700 பைலட்டுகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தது, மிச்சம் இருந்தவர்கள் பயங்கரமாகச் சம்பளத்தை வெட்டிக்கொடுத்துத்தான் வேலையில் நீடித்தார்கள். அமெரிக்கா வெஸ்ட் சின்னது, ஆனால் ஆட்கள் வேலையில் இருந்தார்கள். இரு தரப்பும் ஆல்பா என்ற ஒரே பைலட் சங்கம்தான், அதன் விதிப்படி முதலில் பேச்சு, பிறகு சமரசம், கடைசியில் நடுவர் தீர்ப்பு. ஜார்ஜ் நிக்கோலா என்ற அனுபவம் மிக்க நடுவர் 2007 மே மாதம் தீர்ப்புக் கொடுத்தார். பெரிய விமானங்கள் ஓட்டிய யுஎஸ் ஏர்வேஸ் மூத்தவர்கள் சிலநூறு பேர் உச்சியில், வேலையில் இருந்த மற்றவர்கள் விகிதப்படி கலந்து, லே-ஆஃபில் இருந்தவர்கள் எல்லோரும் அடியில். விளைவு, 17 வருடச் சேவை உள்ள ஒருவர், இணைப்புக்குச் சில மாதம் முன்பு சேர்ந்தவருக்குக் கீழே போனார்.

கிழக்குப் பக்கத்துக்காரர்கள், யுஎஸ் ஏர்வேஸ் பைலட்டுகளை அப்படித்தான் சொல்வார்கள், கொதித்துப் போனார்கள். எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். 2008-இல் ஆல்பாவையே ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பிவிட்டு யுசாப்பா என்ற புதுச் சங்கத்தைக் கொண்டுவந்தார்கள், நிக்கோலா பட்டியலை ஏற்க மாட்டோம் என்பதே அதன் கொள்கை. முக்கியமான முடிச்சு இங்கேதான். இணைப்பின்போது போட்ட இடைக்கால உடன்பாட்டின்படி புதுப் பட்டியல் அமலுக்கு வர வேண்டுமென்றால் பொது ஒப்பந்தமும் வந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் பட்டியலும் இல்லை. ஆகவே பட்டியலைத் தடுக்க, தங்கள் சம்பள உயர்வையே தாங்களே தடுத்துக்கொண்டார்கள். திவால் காலத்துச் சம்பளத்தில் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். மேற்குப் பக்கத்துக்காரர்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள், வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் கீழமை நீதிமன்றத்துக்குமாக அலைந்தது. 2013-இல் அமெரிக்கனோடு இணையும்வரை, அந்த நிறுவனம் தனியாக இருந்த எட்டு வருடமும், பைலட்டுகளுக்குப் பொது ஒப்பந்தம் வரவேயில்லை.

இதில் கிழக்கத்தியர்களைப் பேராசைக்காரர்கள் என்று பலர் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் நடுவரிடம் போவோம், தீர்ப்பை ஏற்போம் என்று முதலில் சொல்லிவிட்டு, தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் சங்கத்தையே மாற்றியது தவறு. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் யுசாப்பா மேற்குத் தரப்புக்கு நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்றுதான் சொன்னது. இந்தக் கதை நடந்த எட்டு வருடத்தில் உண்மையில் மிச்சம் பிடித்தது நிர்வாகம் மட்டும்தான். ஆல்பாவும் நிக்கோலா தீர்ப்புக்கு அப்புறம் 2009-இல் தன் விதியைத் திருத்தி, சேவைக்காலத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது.

உங்கள் தங்கைக்கு ஆறுதலான செய்தி, இன்றைக்கு இதற்கென்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அது வந்ததற்குப் பின்னால் பெரிய வேதனை இருக்கிறது. 2001-இல் திவாலான டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. அமெரிக்கனின் கேபின் க்ரூ சங்கம், டிடபிள்யூஏ-வில் இருந்து வந்த சுமார் 4,000 பேரையும் பட்டியலின் அடியில் மொத்தமாக ஒட்டிவிட்டது. முப்பது வருடம் பறந்தவர்கள்கூட நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே. சில மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல், அதைத் தொடர்ந்து ஆள் குறைப்பு, கீழே இருந்து வெட்டிக்கொண்டே வந்ததில் 2003-க்குள் அத்தனை பேருக்கும் வேலை போனது. டிடபிள்யூஏ-வின் மையம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில், குடியரசுக் கட்சியின் கிட் பாண்ட், சேர்ந்து கொண்டுவந்த சட்டம் 2007 டிசம்பரில் நிறைவேறியது. பட்டியல்களை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும், பேசி முடியாவிட்டால் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். புதிதாக யோசித்துக் கண்டுபிடித்த விதி இல்லை. 1972-இல் அலிகேனி, மோஹாக் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்தபோது அன்றைய அரசு வாரியம் போட்ட நிபந்தனைகளையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனியுங்கள். இரு பக்கமும் ஒரே சங்கம் என்றால் அந்தச் சங்கத்தின் உள்விதிதான் செல்லும். ஏஎஃப்ஏ-வில் விதி நேரடியானது, சேர்ந்த தேதிப்படி அடுக்குவது. அதனால் கேபின் க்ரூ பட்டியல்கள் பைலட் பட்டியல்கள் அளவுக்கு நீதிமன்றப் படி ஏறுவதில்லை. உங்கள் தங்கை எந்தச் சங்கம் என்று நீங்கள் எழுதவில்லை. இரு பக்கமும் ஏஎஃப்ஏ என்றால் சீனியாரிட்டி பற்றிய பயத்தைப் பெருமளவு விட்டுவிடலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: சட்டம் இருந்தாலும் பேரத்தில் மிரட்டல் எடுபடும். 2011-இல் சவுத்வெஸ்ட் ஏர்டிரானை வாங்கியபோது, ஏர்டிரான் பைலட் தலைவர்கள் முதல் உடன்பாட்டை உறுப்பினர்களின் ஓட்டுக்கே அனுப்பாமல் நிராகரித்தார்கள். நடுவரிடம் போகலாம் என்று நினைத்தார்கள். ஆனால் ஏர்டிரானை இணைக்காமல் தனியாகவே வைத்துவிடலாம் என்ற பேச்சு நிர்வாகப் பக்கத்தில் இருந்து கிளம்பியது, கடைசியில் முதலில் வந்ததைவிடக் குறைவான இரண்டாவது உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். பல ஏர்டிரான் கேப்டன்கள் கேப்டன் இருக்கையை இழந்தார்கள்.

பட்டியல் ஒருபுறம் இருக்க, ஒப்பந்தம் என்பது இரண்டு தடித்த புத்தகங்களை ஒன்றாக்குவது. இரு பக்கத்து ஊழியர்களும் இரண்டிலும் உள்ள நல்லதெல்லாம் வேண்டும் என்பார்கள், நிர்வாகம் மொத்தச் செலவு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு உட்காரும். சம்பள விகிதத்தை ஒத்துக்கொள்வது ஒப்பீட்டளவில் சுலபம், எண்தானே. சண்டை வாழ்க்கை முறை பற்றிய விதிகளில் வரும். ரிசர்வ் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். போன் எந்நேரமும் கையில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் இருந்து யார் கூட்டிவருவது என்று முன்கூட்டி ஏற்பாடு செய்ய முடியாது. ஒரு நிறுவனத்தில் இது ஜூனியர்களின் தலையில் மட்டும் வருடக்கணக்கில் கிடக்கும், இன்னொன்றில் எல்லோருக்கும் சுழற்சியில் வரும். பொது விதி எதுவானாலும், ஒரு பக்கத்தில் யாரோ ஒரு கூட்டம் தோற்கும். பதினைந்து வருடம் ரிசர்வில் கஷ்டப்பட்டு வெளியே வந்தவரிடம் இனி உங்களுக்கும் மாதா மாதம் சுழற்சி என்றால் அவர் எப்படி ஆமாம் ஓட்டுப் போடுவார்? மருத்துவக் காப்பீட்டுக்குக் கையில் இருந்து கட்டும் தொகை, ஓய்வூதியம், மெக்கானிக்குகள் என்றால் எவ்வளவு வேலையை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம் என்பது, எல்லாவற்றிலும் இதே கதை. அமெரிக்கன் தரைப் பணியாளர்கள் விஷயத்தில் இரண்டு சங்கங்கள் கூட்டணி அமைத்துத்தான் பேசின, பேச்சே 2015 டிசம்பரில்தான் தொடங்கியது, காப்பீடும் வெளி வேலையும் கடைசிவரை இழுத்தன.

இவ்வளவையும் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது: ஊழியர்களின் கை ஓங்கியிருப்பது இணைப்பு கையெழுத்தாகும் முன்புதான். 2012 ஏப்ரலில் அமெரிக்கன் திவால் நீதிமன்றத்தில் இருந்தபோது, அதை வாங்க விரும்பிய யுஎஸ் ஏர்வேஸ் நிர்வாகம் அமெரிக்கனின் மூன்று சங்கங்களோடும் முன்கூட்டியே உடன்பாடு போட்டது. அவர்கள் ஆதரவு இல்லாமல் இணைப்பே நடந்திருக்காது, அந்த நிலையில் கேட்டது கிடைத்தது. டெல்டா, நார்த்வெஸ்ட் பைலட்டுகளும் 2008-இல் இணைப்பு முடியும் முன்பே பொது ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள், புது நிறுவனத்தில் பங்குகளும் வாங்கினார்கள். அவர்களுக்கும் பட்டியலில் ஒத்துப்போகவில்லைதான். ஆனால் அதை ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடாமல் தனியாக நடுவரிடம் விட்டார்கள், அதே வருடம் டிசம்பரில் தீர்ப்பும் வந்துவிட்டது. யுஎஸ் ஏர்வேஸ் பைலட்டுகளின் எட்டு வருடத்தையும் இவர்களின் சில மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கருத்து ஏன் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று புரியும். உங்கள் தங்கை விஷயத்தில் அந்த நேரம் கடந்துவிட்டது, ஆனால் அவர் சங்கம் முன்கூட்டியே ஏதாவது இடைக்கால உடன்பாடு போட்டிருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அதில் காலக்கெடுவோ, கெடு தாண்டினால் நடுவரிடம் போகும் ஷரத்தோ இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும்.

எப்படி மாறும் என்பதற்கு 2014 நவம்பரைப் பாருங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்கும் அதுவே பதில். அமெரிக்கன், யுஎஸ் ஏர்வேஸ் கேபின் க்ரூவுக்கு வந்த முதல் உடன்பாடு ஓட்டெடுப்பில் தோற்றது. வித்தியாசம் 16 ஓட்டு. பதினாறாயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததில் 16! வேறு இடமாக இருந்தால் திரும்பப் பேசப் போயிருப்பார்கள். இங்கே முன்பே போட்ட ஷரத்துப்படி நேராக நடுவர்களிடம் போக வேண்டும், நடுவர்கள் கொடுக்கக்கூடிய மொத்த மதிப்புக்கும் உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பு நிராகரித்த உடன்பாட்டைவிட ஆண்டுக்கு சுமார் 8.2 கோடி டாலர் குறைவு. இதைத் தெரிந்துகொண்டே வேண்டாம் என்றவர்கள் பலர், தெரியாமல் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். மறுபக்கம், யுனைடெட் மெக்கானிக்குகள் 2016 தொடக்கத்தில் வந்ததைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிராகரித்தார்கள், அதே வருட முடிவில் மேலான ஒன்று வந்தது. ஆகவே முதலில் வருவதை ஏற்பதா வேண்டாமா என்பதற்குப் பொது விதி கிடையாது. வேண்டாம் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திரும்பப் பேச்சா, நடுவரா, வரம்பு உண்டா? சங்கம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாவிட்டால் சொல்லும்வரை விடக் கூடாது.

உடன்பாடு கையில் வந்ததும் சம்பள அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். ரிசர்வ் விதி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் டூட்டி போடலாம், விமானம் ரத்தானால் சம்பளம் உண்டா, பழைய தேதியில் இருந்து நிலுவை உண்டா, இருக்கிற பேஸை, அதாவது டூட்டிக்குக் கிளம்பும் ஊர் மையத்தை, மூடினால் என்ன இழப்பீடு, இவற்றை இப்போதைய புத்தகத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்பது. ஐந்து வருடம் என்று எழுதியிருந்தால், நான் மேலே சொன்ன சட்டத்தின் காரணமாக, அது நடைமுறையில் ஏழெட்டு வருடம் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது. வேலைக்கு எடுத்த தேதி, பயிற்சி முடிந்த தேதி, எடுத்த நீண்ட விடுப்புகள், பேஸ் மாறிய விவரம் எல்லாவற்றுக்கும் கடிதமோ மெயிலோ இருந்தால் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பட்டியலுக்கான தேதியும் சம்பளப் படிக்கான தேதியும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டையும் சரிபார்க்க வேண்டும். ஒரே பயிற்சி வகுப்பில் ஒரே நாளில் முடித்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவது என்பதற்குப் பல இடங்களில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள், ஆவணத்தில் அது தப்பாக இருந்தால்கூடப் பத்துப் பேருக்குக் கீழே போய்விடலாம். இணைந்த பட்டியலின் வரைவு வெளிவந்ததும் ஆட்சேபம் சொல்லக் குறைந்த நாள்கள்தான் கொடுப்பார்கள், அந்த வாரம் அவர் எந்த ஊரில் டூட்டியில் இருந்தாலும் தன் பெயர் இருக்கிற வரியை அன்றைக்கே திறந்து பார்த்துவிடட்டும்.